நிறம் போனால் தோல் போனதா?

சேர்வராயன் கோயிலின் குகைக்குள் குனிந்து நுழைவோர் அனைவரும் காலணிகளை வெளியே விட்டுச் செல்கின்றனர். ஏற்காடு ஊரைக் காட்டிலும் உயர்ந்த, 5,300 அடிக்கு மேற்பட்ட அந்த மேட்டுச் சமவெளியில் நண்பகலிலும் மூடுபனி இறங்குவதுண்டு. வழிபாடு முடிந்து திரும்புவதற்குள் செருப்பின் வார் ஈரம் பூத்திருக்கும். சிறிது நேர ஈரமே அப்படி என்றால், மலையிலேயே குடியிருப்போரின் வீடுகளில் ஆண்டில் பல மாதங்கள் அலமாரிக்குள் கிடக்கும் தோல்பையும் இடைவாரும் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. வெண்பூஞ்சை படரும், நிறம் திட்டுத்திட்டாக வெளுக்கும், ஓரங்கள் உரியும். அடுத்து அது குப்பைக்குப் போகும்.

அப்படிப் போகும் பொருட்களில் பெரும்பாலானவை இன்னும் பல ஆண்டுகள் உழைக்கக்கூடியவை என்பதே என் எண்ணம். சில ஆண்டுகளாக வீட்டுத் தோல்பொருட்களுக்கு நானே நிறமேற்றி வருகிறேன். அதில் நான் முதலில் உணர்ந்தது, தோலின் நிறமும் தோலின் உயிரும் வேறு வேறு என்பதைத்தான். தோல் என்பது கொலாஜன் இழைகள் பின்னிய வலை. பதனிடுதல் அவ்விழைகளை அழுகாமல் காக்கிறது. நிறமோ பெரும்பாலும் மேற்பரப்பின் மெல்லிய அடுக்குகளில் தங்கியிருக்கிறது. சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்தால் வீட்டை இடிப்பதில்லை. பைக்கு மட்டும் அந்த நியாயத்தை நாம் ஏன் மறுக்கிறோம்?

தமிழகத்தில் பதனிடுதலுக்கும் மலைகளுக்கும் நெருங்கிய உறவு உண்டு. சமவெளிக் காடுகளின் ஆவாரம்பட்டையும், கல்வராயன், சேர்வராயன், ஜவ்வாது போன்ற மலைகளின் கடுக்காயும் சேர்ந்து உருவாக்கியதே 'கிழக்கிந்தியத் தோல்' என்று உலகச் சந்தையில் பெயர் பெற்ற சரக்கு. இன்று அதற்குப் புவிசார் குறியீடும் உண்டு. இந்தத் தோல் நெடுங்காலம் பாதி வேலை முடிந்த நிலையிலேயே கப்பலேறியது. நிறமேற்றி மெருகூட்டும் வேலை ஐரோப்பியப் பட்டறைகளில் நடந்தது. இலாபத்தின் பெரும்பகுதியும் அங்கேயே தங்கியது. 1970களின் தொடக்கத்தில் சீதாராமையா குழுவின் பரிந்துரைகளை ஒட்டி, பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்கு அரசு கட்டுப்பாடு கொண்டுவந்த பிறகுதான் வாணியம்பாடியும் ஆம்பூரும் இராணிப்பேட்டையும் இறுதிக்கட்ட வேலையைப் பெருமளவில் கைக்கொண்டன. பதனிடுவதில் நெடிய மரபு கொண்ட நாம் நிறமேற்றுவதில் சற்றுத் தாமதமாக வந்தவர்கள். வீடுகளில் அந்த அறிவு இன்னும் பரவாததில் வியப்பில்லை.

மற்றொரு முறை குரோமியம் உப்பால் பதனிடுவது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் சென்னையில் அதை முயன்று பார்த்தார். பின்னர் வந்த குரோம் தோல் ஆலையின் பெயரையே குரோம்பேட்டை இன்றும் சுமக்கிறது. கையிலுள்ள பொருள் இவ்விரண்டில் எவ்வகை என்று அறிவது முதல் வேலை. வெட்டுவாயைப் பாருங்கள். உட்புறம் பழுப்பாக இருந்தால் தாவர முறைத் தோலாக இருக்க வாய்ப்பு அதிகம். சாம்பலும் நீலமும் கலந்த சாயல் தெரிந்தால் குரோம் தோல். உள்ளே நெய்த துணி தெரிந்தால் அது தோலே அன்று, ரெக்சின். செயற்கைத் தோல் செதில் செதிலாக உரியத் தொடங்கிவிட்டால் எந்தச் சாயமும் அதை மீட்காது. அதற்காக நேரத்தையும் பணத்தையும் செலவிட வேண்டாம் என்றே சொல்வேன்.

அடுத்த சோதனைக்கு ஒரு துளி நீர் போதும். மறைவான இடத்தில் வைத்த துளியைத் தோல் உறிஞ்சிக் கருத்தால், அதன்மேல் காப்புப் பூச்சு இல்லை, அல்லது தேய்ந்துவிட்டது என்று பொருள். துளி முத்தாக நின்றால் மேலே நிறமியும் பிசினும் கலந்த படலம் இருக்கிறது. பள்ளிக் காலணிகள், அலுவலகப் பைகள், சோபா உறைகள் ஆகியவற்றில் உண்மைத் தோலாக இருப்பவை பெரும்பாலும் இந்த இரண்டாம் வகை. இந்த வேறுபாட்டைப் பாராமல் கடையில் கிடைத்த சாயத்தை வாங்கிப் பூசுவதுதான் பலருடைய முயற்சி பாழாகக் காரணம். சாயம் இழைக்குள் ஊறும், ஒளி ஊடுருவும், இருக்கும் நிறத்தை அடர்த்தியாக்க மட்டுமே அதனால் முடியும். நிறமிப் பூச்சோ மேலே படிந்து மூடும். கறுப்பைப் பழுப்பாக்கவும் அதனால் இயலும். படலமுள்ள தோலில் சாயம் ஊறாமல் வழிந்து, பிறகு சட்டையில் ஒட்டும். படலமற்ற மென்தோலில் நிறமியைத் தடிமனாகப் பூசினால் அது பிளாஸ்டிக் போலாகிவிடும்.

மலைவாசிகளுக்கு ஒரு தனிக்குறிப்பு. தோலின்மேல் தெரியும் வெண்மை எல்லாம் பூஞ்சை அன்று. செருப்புக்குத் தேங்காயெண்ணெய் தடவுவது நம் வீடுகளில் பழைய வழக்கம். அந்த எண்ணெய் ஏறத்தாழ 24 பாகை செல்சியசுக்குக் கீழே உறையும். சேலத்தில் தடவியது ஏற்காட்டுக் குளிரில் வெண்புகைபோல் மேலே பூத்து நிற்கும். முடி உலர்த்தும் கருவியின் இளஞ்சூட்டைக் காட்டினால் கொழுப்பு உருகி மறையும், பூஞ்சை மறையாது. கொழுப்பென்றால் உலர்ந்த துணியால் ஒற்றியெடுத்தால் போதும். பூஞ்சையென்றால் வீட்டுக்கு வெளியே, மூக்கை மூடிக்கொண்டு, மென்தூரிகையால் துடைத்து, நீர் கலந்த ஆல்கஹாலில் நனைத்த துணியால் ஒற்றி, காற்றோட்டமான நிழலில் உலர்த்த வேண்டும். வெயிலும் அடுப்பும் ஆகா. ஈரத்தோல் உலர்தோலைவிட வெப்பத்துக்கு எளிதில் சுருங்கும். தாவர முறைத் தோல் இன்னும் விரைவில் பலகைபோல் இறுகிவிடும். தேங்காயெண்ணெய் மேல் எனக்குப் பகை இல்லை. ஆனால் நிறமேற்ற எண்ணியிருக்கும் தோலில் அது தடை, ஏனெனில் எண்ணெய் ஊறிய இடத்தில் எந்தப் பூச்சும் பற்றாது.

பாலிஷும் அப்படித்தான். மெழுகு, கரைப்பான், சிறிது சாயம் ஆகியவற்றின் கலவையே நாம் டப்பியில் வாங்கும் பாலிஷ். ஆண்டுக்கணக்கில் ஏறிய அந்த மெழுகைக் களையாமல் புது நிறம் நிற்காது. முதலில் மென்மையான சோப்பு நுரையால் துடைக்க வேண்டும். துணி துவைக்கும் சோப்பும் சலவைச் சோடாவும் கூடா. தோல் இயல்பில் அமிலச் சாயல் உடையது. வலுவான காரம் அதன் இழைப்பிணைப்பைத் தளர்த்தும். உலர்ந்தபின், படலமுள்ள தோலாயின், ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலையோ அசிட்டோனையோ துணியில் சிறிதளவு எடுத்து மேற்பளபளப்பு மங்கும்வரை மட்டும் துடைக்க வேண்டும். இரண்டும் எளிதில் தீப்பற்றுபவை. சன்னல் திறந்திருக்க வேண்டும், அருகில் அடுப்போ விளக்கோ எரியக்கூடாது, கையுறை கட்டாயம். தளர்ந்த விளிம்புகளை நுண்ணிய உப்புத்தாளால் இலேசாகத் தேய்த்துத் தூசியைத் தட்டிவிட்டால் தோல் நிறத்துக்கு ஆயத்தம்.

பூசும்போது தேவைப்படுவது பொறுமை ஒன்றே. நீர் அடிப்படையிலான அக்ரிலிக் தோல்நிறமியைப் பஞ்சுத் துண்டில் தொட்டு, கண்ணுக்குப் போதாது என்று தோன்றுமளவு மெல்லியதாகப் பூச வேண்டும். முதல் பூச்சு ஏமாற்றமே தரும், மூன்றாவதில் முகம் தெளியும். ஒவ்வொன்றும் நன்கு உலர்ந்தபின்தான் அடுத்தது. ஒரே தடவையில் மூடிவிட முயன்றால் மடிப்பு விழும் இடங்களில் வெடிக்கும். சுவருக்கும் இரும்புக்கும் அடிக்கும் எனாமலைப் பைக்குப் பூசுவோரும் உண்டு. அது ஒரு வாரம் அழகாக இருக்கும். அதன்பின் கதவைப் போலவே உரியும்.

தாவர முறைத் தோல் வைத்திருப்போருக்கு இதைவிடச் சுவையான வழி ஒன்று உண்டு. துருப்பிடித்த ஆணிகளை வினிகரில் இட்டு, மூடியை இறுக்காமல் ஓரிரு வாரம் வைக்க வேண்டும். உள்ளே வளி உருவாகும் என்பதால் இறுக மூடுவது ஆபத்து. வடிகட்டிய அந்த நீரைத் தோலில் தடவினால் கண்ணெதிரே கறுக்கும். தோலில் ஏற்கெனவே உள்ள டானின் என்னும் துவர்ப்புப் பொருளும் இரும்பும் சேர்ந்து உண்டாக்கும் கருமை அது. பூசிய நிறமன்று, அதனால் உரியாது. கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து மை காய்ச்சிய நம் முன்னோரின் வேதியியலும் இதுவே. காளத்திக் கலம்காரித் துணியைக் கடுக்காய்ச் சாற்றில் நனைத்து, இரும்பும் வெல்லமும் ஊறிய நீரால் கருங்கோடு வரைவதும் இதுவே. தோலில் துவர்ப்பு குறைந்து கருமை எடுக்காவிட்டால், முன்னதாகக் கடுக்காய்க் கஷாயம் ஒரு முறை தடவலாம். கறுத்தபின் ஒரு லிட்டர் நீரில் ஒரு கரண்டி சமையல் சோடா கலந்து மேலாகத் துடைத்து, உலர்ந்ததும் சிறிது எண்ணெய் ஏற்ற வேண்டும். இரும்புநீரைத் திரும்பத் திரும்பத் தடவினால் தோல் நொறுங்கும். குரோம் தோலில் இவ்வித்தை பலிக்காது.

நிறம் முடிந்ததும் வேலை முடிந்துவிடாது. நிறமிக்கு மேல் அக்ரிலிக் காப்புப் பூச்சு ஒன்றிரண்டு முறை, தாவரத் தோலுக்குத் தேன்மெழுகு. அதன்பின் ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். துணியில் நிறம் ஏறினால் இன்னும் காப்புப் போதவில்லை. வேட்டிமேல் இடைவார் கட்டும் ஊரில் இந்தச் சோதனையைத் தவிர்ப்பது அறிவுடைமை ஆகாது.

தையல் விட்டதும், அடி பிரிந்ததும், ஆழமாகப் பிளந்ததும் வீட்டில் செய்யத்தக்கவை அல்ல. பேருந்து நிலையத்து ஓரம் குடை விரித்து அமர்ந்திருக்கும் செருப்புத் தைக்கும் தொழிலாளியிடம் அவற்றைக் கொடுங்கள். எந்தத் தோல் எந்தப் பூச்சை ஏற்கும் என்பதை விரலால் தொட்டே சொல்லும் அவருடைய அறிவை நாம் அறிவென்றே எண்ணியதில்லை. தோலைத் தொடுவது ஒரு சாதியின் தலையில் கட்டிய வேலை என்று ஒதுக்கிய சமூகம், தோல்பையை மட்டும் மார்போடு அணைத்துக்கொள்கிறது. வீட்டில் தோலைத் துடைக்கத் தயங்கும் கை எதற்குத் தயங்குகிறது என்று ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது.

புதிதாக வாங்கிவிடலாமே என்பார்க்குப் பாலாறு பதில் சொல்லும். ஒரு கிலோ பச்சைத்தோலைப் பதனிட ஏறத்தாழ 30 முதல் 40 லிட்டர் நீர் செலவாகிறது. வழக்கமான முறையில் இட்ட குரோமியத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை தோலில் பற்றாமல் கழிவுநீரில் போகிறது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று அளித்த தீர்ப்பில், தோல் ஆலைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் வேளாண் நிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்குத் தகுதியிழந்தது பதிவாகியுள்ளது. மாசுபடுத்துவோரே ஈடு தர வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் வேரூன்றியதில் அத்தீர்ப்புக்குப் பெரும்பங்கு உண்டு. கூட்டுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. 1948இல் சென்னையில் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் குரோமியத்தைக் குறைக்கும் முறைகளுக்காக உழைத்துவருகிறது. ஆயினும் ஆற்றில் இறங்கிய விலை ஏற்கெனவே செலுத்தப்பட்டுவிட்டது. நம் கையிலுள்ள பையின் விலைச்சீட்டில் அது இல்லை.

கடைசியாகப் பருவம் குறித்து ஒரு சொல். ஏற்காட்டில் தென்மேற்குப் பருவமழை தொடங்கி ஐப்பசி, கார்த்திகை வரை காற்றில் ஈரம் மிகுதி. அப்போது பூசினால் அடுக்குகள் உலராமல் பிசுபிசுக்கும். தை, மாசியில் வானம் வெளுத்திருக்கும் ஒரு வாரத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். வேலை முடிந்த பையை உடனே அலமாரிக்குள் பூட்டாமல், உள்ளே செய்தித்தாளைத் திணித்து, இரண்டு நாள் நிழற்காற்றில் தொங்கவிடுங்கள்.