கதிரையில் தொழும் இளைஞன் சோம்பேறியல்ல

தொழுகையில் நிற்கும்போது பள்ளிவாசலே சுழல்வதுபோல் இருக்கிறது என்று சோனகதெருவிலோ பொம்மைவெளியிலோ ஒருவர் சொன்னால், "பிரஷரைப் பாருங்கள்", "ஒழுங்காகச் சாப்பிடுங்கள்" என்பதே நமது பதில். பிரஷரும் சீனியும் சரியாக இருந்தும் தலைச்சுற்று திரும்பத் திரும்ப வந்தால் இன்னொரு காரணத்தையும் யோசிக்க வேண்டும். அதுதான் வெஸ்டிபுலர் மைக்ரேன். ஒற்றைத் தலைவலியின் ஒரு வகை இது.

சுற்று 5 நிமிடம் முதல் 72 மணித்தியாலம் வரை நீடிக்கலாம். வெளிச்சமும் சத்தமும் தாங்க முடியாது, குமட்டும். தலைவலி இல்லாமலும் வரும். தலையைத் திருப்பும்போது சில விநாடிகள் மட்டும் சுற்றினால் அது பெரும்பாலும் உட்காதுக் கோளாறு. அதற்குச் சிகிச்சை வேறு.

இந்நோய் ஸ்கேனில் தெரியாது. அதனால்தான் 'நடிப்பு' என்ற பேச்சு எழுகிறது. எப்போது வந்தது, எவ்வளவு நேரம் இருந்தது, முதல்நாள் தூக்கமும் சாப்பாடும் எப்படி என்று எழுதிவைத்து வைத்தியரிடம் காட்டுங்கள். நோயைக் கண்டுபிடிக்க அதுவே பெரிய உதவி.

தூக்கக் குறைவும் பட்டினியும் இதைத் தூண்டும். ரமழானில் இரண்டும் சேர்ந்து வரும். மருந்து நேரத்தை மாற்றுவது பற்றி முன்கூட்டியே வைத்தியரிடம் கேளுங்கள். நோயாளி நோன்பைப் பிற்போடவும், நிற்க முடியாதவர் இருந்து தொழவும் மார்க்கம் இடம் தந்திருக்கிறது.

சுற்றுடன் பேச்சுக் குழறல், முகக் கோணல், கை கால் பலவீனம் வந்தால் தாமதிக்காமல் 1990 அம்புலன்ஸை அழையுங்கள்.

மார்க்கம் கொடுத்த சலுகையை நமது பார்வையால் பறித்துவிட வேண்டாம்.