தாய் சியும் போதிதர்மரும்: தேடியதில் கிடைத்தது

தஞ்சை சிவகங்கைப் பூங்காவில் காலை நடையின்போது நண்பர் சொன்னார்: "தாய் சியும் நம்ம போதிதர்மர் கொடுத்ததுதான் சார்." 2011-ல் 'ஏழாம் அறிவு' வந்ததிலிருந்து இந்தப் பேச்சு ஓயவில்லை. நானும் நம்பினவன்தான். சரி, தேடிப் பார்ப்போமே என்று உட்கார்ந்தேன்.

போதிதர்மரைப் பற்றிய மிகப் பழைய சீனக் குறிப்பு கி.பி. 547-ஐ ஒட்டியது. அது அவரைப் பாரசீகர் என்கிறது. சீடர் தன்லின் பெயரில் உள்ள குறிப்புதான் தென்னிந்திய அரசர் மகன் என்கிறது. இரண்டிலுமே சண்டைக்கலை பற்றிப் பேச்சே இல்லை. 1624 தேதியிட்ட 'யி ஜின் ஜிங்' என்ற உடற்பயிற்சி நூல்தான் அவரை அதோடு முடிச்சுப் போடுகிறது. ஆயிரம் வருஷ இடைவெளி!

அதுவும் ஷாவோலின் கதை. தாய் சிக்காரர்களின் ஐதீகமே வேறு: வூடாங் மலையின் தாவோ துறவி சாங் சான்ஃபெங். 1669-ல் ஹுவாங் சோங்சி எழுதிய ஒரு கல்லறை வாசகம், அவர் பெயரில் வந்த 'உள்முக' முறையை ஷாவோலினுக்கு எதிராகவே நிறுத்துகிறது. இதுவும் ஐதீகம்தான். 1930-களில் தாங் ஹாவ் என்ற ஆய்வாளர் ஹெனான் மாகாணத்தின் சென் கிராமத்துக்கே போய்த் தேடி, 17-ஆம் நூற்றாண்டின் சென் வாங்டிங் என்ற படைவீரரிடம் வந்து நின்றார். அங்கே கற்ற யாங் லூசான் 19-ஆம் நூற்றாண்டில் பெய்ஜிங்கில் பரப்பினார்.

தத்துவம் என்ன? தாய் சி என்பதில் வரும் 'சி' மூச்சாற்றல் இல்லை. யின், யாங் என இரண்டாகப் பிரியும் மூலநிலைக்குத்தான் 'தாய் சி' என்று பெயர். எதிராளி தள்ளினால் எதிர்த்துத் தள்ளாதே. இடுப்பைத் திருப்பி வழி விடு, அவன் விசையே அவனைச் சாய்க்கும். டெல்டாக்காரனுக்கு இதை விளக்கவே வேண்டாம். வாய்க்காலில் வரும் தண்ணியை நேருக்கு நேர் மறித்தால் கரை உடையும். மடையைத் திறந்து திருப்பிவிட்டால் வயலுக்குப் போகும்.

சீனத்தொடர்புப் பெருமை வேண்டுமென்றால் நிஜமானதே இருக்கு: ராஜராஜன் அனுப்பிய தூதுக்குழு 1015-ல் சோங் அரசவையை அடைந்தது, இது சீனர்களே எழுதி வைத்த செய்தி. நண்பரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் நடந்துவிட்டு, "அப்ப அதையே படமா எடுக்கலாமே சார்" என்றார்.