சின்ன வெங்காயத்தில் தழைச்சத்து, மணிச்சத்து உரங்களின் விளைவு: அறுவடை எடையும் பட்டறை எடையும்

ஆய்வுச் சுருக்கம்

வெங்காய உர ஆய்வுகளில் பெரும்பாலும் அறுவடை நாளின் எடையே விளைச்சலாகக் கொள்ளப்படுகிறது. தழைச்சத்து மிகுதியின் தீய விளைவு சேமிப்பின்போதே வெளிப்படுவதால், அந்த எடையை மட்டும் கொண்டு உர அளவைத் தீர்மானிப்பது பிழையாகும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: சின்ன வெங்காயம், தழைச்சத்து, மணிச்சத்து, கந்தகம், பட்டறை.

முன்னுரை

பெரம்பலூர் மாவட்டத்தில் செட்டிகுளம் சுற்றுவட்டார உழவர்கள் சின்ன வெங்காயத்தை அறுவடை செய்தவுடன் முழுவதையும் விற்றுவிடுவதில்லை. விலை ஏறும்வரையும், அடுத்த பட்டத்திற்கு விதைக்காயாகவும், காற்றோட்டமுள்ள பட்டறைகளில் இருத்தி வைக்கின்றனர். பட்டறையைப் பிரிக்கும்போது எஞ்சியிருக்கும் காயே அவர்களது உண்மையான விளைச்சல். உர ஆய்வாளர் தராசை எடுத்துச் சென்ற பிறகுதான் அந்தக் கணக்குத் தொடங்குகிறது.

வேரின் இயல்பு

வெங்காய வேர் கிளைகள் குறைந்தது. வேர்த்தூவிகளும் மிகக் குறைவு. அதன் பெரும்பகுதி மண்ணின் மேல் 30 செ.மீ. ஆழத்திற்குள்ளேயே அடங்கிவிடும். இவ்வொரு பண்பே இரு சத்துகளுக்கும் இருவேறு சிக்கல்களை உண்டாக்குகிறது. தழைச்சத்து நைட்ரேட்டாக மாறியபின் நீரோடு நகரும். ஒரு கனமழையோ மிகைப் பாசனமோ அதை வேருக்கு எட்டாத ஆழத்திற்குக் கொண்டுசென்றுவிடும். மணிச்சத்தோ இட்ட இடத்தை விட்டு மிகச் சிறிதளவே நகரும். சுண்ணாம்பு மிகுந்த கரிசலில் அது கால்சியத்துடன் இணைந்து கரையாத் தன்மையும் அடைகிறது. ஆகவே மண்ணில் மணிச்சத்து இருப்பது வேறு, வெங்காய வேருக்குக் கிட்டுவது வேறு. வேருடன் கூடிவாழும் வேர்ப்பூசணம் இவ்விடைவெளியை ஓரளவு நிரப்புகிறது. இதனால் வெங்காயம் அப்பூசணத்தைப் பெரிதும் சார்ந்த பயிராகக் கருதப்படுகிறது.

தழைச்சத்து: அளவினும் காலம்

குமிழ் என்பது இலைகளின் அடிப்பகுதிகள் பருத்து உருவாவது. குமிழ் பருக்கத் தொடங்குமுன் எத்தனை இலைகள் தோன்றின, அவை எவ்வளவு விரிந்தன என்பதே குமிழின் பருமனுக்கு அடிப்படை. எனவே தொடக்கத்தில் தழைச்சத்து குறைந்தால் இலைகள் வெளிறி, பயிர் முன்கூட்டியே முதிர்ந்து, சிறு குமிழ்களே கிடைக்கும். இப்பகுதி பலரும் அறிந்ததே.

குமிழ் பருக்கும் காலத்தில் தழைச்சத்து மிகும்போது தாள் தொடர்ந்து பசுமையாக வளர்கிறது, முதிர்ச்சி தள்ளிப்போகிறது, கழுத்து தடித்து, உரிய நாளில் தாள் சாய்வதில்லை. தடித்த கழுத்து அறுவடைக்குப் பின் எளிதில் உலராது. உலராத கழுத்தின் வழியே அழுகல் நோய்க் கிருமிகள் உட்புகும். அறுவடை நாளில் இக்காய் நீர் மிகுந்து கனமாகவே இருக்கும். அதாவது தராசில் சிறப்பாகத் தோன்றும் உர அளவே பட்டறையில் இழப்பைக் கூட்டக்கூடும்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சின்ன வெங்காயத்திற்கு எக்டேருக்கு 60 கிலோ தழைச்சத்து, 60 கிலோ மணிச்சத்து, 30 கிலோ சாம்பல்சத்து பரிந்துரைக்கிறது. தழைச்சத்தில் பாதி அடியுரம். மீதிப் பாதி 30ஆம் நாளில் மேலுரம். மேலுரத்தை அந்நாளோடு நிறுத்துவதன் பொருள் மேற்கண்ட உடலியலில் உள்ளது. ஏறத்தாழ 70 முதல் 90 நாளில் முடியும் பயிருக்கு, தாள் வெளிறியதைக் கண்டு 50ஆம் நாளில் இடும் யூரியா கண்ணுக்குக் குளிர்ச்சி தரலாம். காய்க்கு நன்மை தருவது அரிது.

மணிச்சத்தும் இடைவினையும்

மணிச்சத்துக் குறைபாட்டிலும் வளர்ச்சி மந்தமாகி, முதிர்ச்சி தாமதமாகி, தடித்த கழுத்துக் காய்கள் பெருகும். மிகைத் தழைச்சத்தும் குறை மணிச்சத்தும் ஒரே அடையாளத்தில் வந்து முடிவதால், வயலில் கழுத்தை மட்டும் பார்த்துக் காரணம் கூற இயலாது. இரு சத்துகளையும் தனித்தனியே அன்றி, பல அளவுகளில் இணைத்துச் சோதிக்க வேண்டிய தேவை இங்கிருந்தே எழுகிறது.

நடவுமுறையும் கருதத்தக்கது. விதைக்காய் ஊன்றிய பயிருக்குத் தாய்க்காயின் சேமிப்பு முதல் சில நாள்களுக்கு உதவும். கோ 5 போன்று விதை பிடிக்கும் இரகத்தை நாற்றுவிட்டு நடும்போது அந்த உதவி இல்லை. எனவே தொடக்க மணிச்சத்தின் தேவை அங்கு கூடுதலாக இருக்கும் என எதிர்பார்ப்பது பொருந்தும். இருவகைப் பயிரின் முடிவுகளையும் ஒரே அட்டவணையில் கலப்பது தவறான ஒப்பீடாகும்.

மண் பரிசோதனையும் அவ்வாறே. தமிழகத்தில் பின்பற்றப்படும் தரப்பாட்டில் எக்டேருக்கு 11 கிலோவுக்குக் குறைந்த கிட்டும் மணிச்சத்து குறைவு எனவும், 22 கிலோவுக்கு மேற்பட்டது மிகுதி எனவும் கொள்ளப்படும். மிகுதியான நிலத்தில் சோதனை அமைத்துவிட்டு, மணிச்சத்துக்கு விளைச்சல் கூடவில்லை என்று எழுதுவதில் புதுமை ஏதுமில்லை. இதோடு ஓர் அலகுக் குழப்பமும் உண்டு. மண் ஆய்வு தனிமமாகவும் உரப் பரிந்துரை ஆக்சைடாகவும் மணிச்சத்தைக் குறிக்கின்றன. 60 கிலோ ஆக்சைடு என்பது சுமார் 26 கிலோ தனிமமே. ஆய்வேடுகளில் அலகு எதுவெனக் குறிப்பிடாது விடுவது வாசிப்பவரைத் தடுமாறச் செய்கிறது.

உரத்தில் மறைந்துவரும் கந்தகம்

60 கிலோ மணிச்சத்தை டி.ஏ.பி. வழியாக இட 130 கிலோ உரம் போதும். அதிலேயே 23 கிலோவுக்குச் சற்று மேற்பட்ட தழைச்சத்தும் வந்துவிடும். அடியுரத் தழைச்சத்தை நிறைவு செய்ய 14 கிலோ யூரியாவே தேவை. இதே மணிச்சத்தைச் சூப்பர் பாஸ்பேட்டாக இட்டால் 375 கிலோ வேண்டும். ஆனால் அதனுடன் சுமார் 41 கிலோ கந்தகமும் மண்ணில் சேர்கிறது. வெங்காயத்தின் காரமும் மணமும் கந்தகச் சேர்மங்களால் அமைபவை. எனவே சூப்பர் பாஸ்பேட்டின் அளவை உயர்த்திச் சோதிக்கும் ஆய்வில், கந்தகக் குறைவுள்ள நிலத்தில், விளைச்சலை உயர்த்தியது எச்சத்து என்பதை அறிய வழியில்லை. எல்லாப் பாத்திகளிலும் ஜிப்சத்தால் கந்தகத்தைச் சமன்செய்தாலன்றி அம்முடிவை மணிச்சத்தின் கணக்கில் எழுத முடியாது.

அளவீட்டில் செய்யத்தக்கது

அறுவடையின்போது பாத்திவாரியாகத் தடித்த கழுத்துக் காய்களின் விழுக்காட்டைக் குறித்தல் வேண்டும். தாள் உலர்ந்தபின் ஒவ்வொரு பாத்தியிலிருந்தும் எடையிட்ட மாதிரியை வலைப்பையில் இட்டு, உழவர் பயன்படுத்தும் பட்டறையிலேயே வைத்து, மாதம் ஒருமுறை எடையிழப்பு, அழுகல், முளைப்பு ஆகியவற்றைத் தனித்தனியே பதிதல் வேண்டும். பைகளைப் பட்டறையின் அடி, நடு, மேல் அடுக்குகளில் சமமாகப் பகிர்ந்து வைப்பதும் இன்றியமையாதது. அடியிலுள்ள காய்க்குக் காற்றும் குறைவு, பளுவும் மிகுதி.