இலைக்குள் ஓர் இல்லம்

கொல்கத்தாவில் துர்க்கா பூசை நடைபெறும் பருவத்தில், ஜாதவ்பூர்த் தெருக்களில் மாலை தோறும் ஒரு நறுமணம் கமழும். அது மேற்கு வங்கத்தின் மாநில மரமாகிய ‘சாத்திம்’ மரத்தின் பூமணம். நாம் அதனை ஏழிலைப்பாலை என்போம். மணத்தை நுகர்ந்து அண்ணாந்து நோக்குவோர் கண்ணில் சில வேளை வேறொன்றும் படும். இலைகள் அம்மை கண்டாற்போலக் கொப்புளித்திருக்கும். மரம் நோயுற்றது, வெட்டிவிடலாம் என்பாரும் உளர். அவசரம் வேண்டா. அக்கொப்புளம் ஒவ்வொன்றும் ஒரு வீடு.

அங்கே குடியிருப்பது ‘சில்லிட்’ என்னும் சாறுறிஞ்சிப் பூச்சி. சிறகு முளைத்தபின் அது சிள்வண்டைச் சிறிதாக்கியது போலத் தோன்றும். நீளம் சில மில்லிமீட்டரே. தாய்ப்பூச்சி தளிரில் முட்டையிடுகிறது. பொரித்த இளம்பூச்சி தன் ஊசிவாயைச் செருகிச் சாறு பருகத் தொடங்கியதும், அவ்விடத்து உயிரணுக்கள் மிகுதியாகப் பெருகி அதனைச் சூழ்ந்துகொள்கின்றன. வீட்டுக்குக் கல்லும் சுண்ணாம்பும் தருவது மரம். கட்டத் தூண்டுவது மட்டுமே பூச்சி. உள்ளேயே உணவு உண்டு. வெயிலும் வறட்சியும் அணுகா. இளம்பூச்சி ஐந்து பருவங்கள் வளர்ந்து முதிர்ந்ததும் கொப்புளம் வெடிக்கிறது. சிறகுள்ள பூச்சி வெளியேறுகிறது.

இவ்வினத்தார் அனைவரும் ஒரே வகையில் வீடு அமைப்பதில்லை. ஆஸ்திரேலியாவில் யூகலிப்டஸ் இலையில் வாழும் சில சில்லிட்டுகள், தாம் கழிக்கும் இனிப்பு நீரையே உறையவைத்துச் சிப்பி போன்ற கூரை செய்துகொள்கின்றன. நம் ஊர் அத்தி இலையில் காணும் உருண்டைகளோ ஏழிலைப்பாலையின் கொப்புளங்களைப் போன்றவை. நாட்டு மருந்துக் கடையில் விற்கும் கற்கடகசிங்கியும் இத்தகையதே. இமயமலைச் சாரலின் மரமொன்றில் அசுவினிப் பூச்சிகள் எழுப்பிய வீடு அது.

இனி, மரத்துக்கு யாது செய்வது? மேலே தெளிக்கும் நஞ்சு, வீட்டினுள் இருக்கும் பூச்சியை எளிதில் எட்டாது. வெளியே உலவும் சிறு குளவிகளையே அது மாய்க்கும். அக்குளவிகளோ கொப்புளத்துள் முட்டை செலுத்திச் சில்லிட்டின் குலத்தைக் குறைக்கும் நண்பர்கள். வளர்ந்த மரம் சில இலைகளின் இழப்பைத் தாங்கிக்கொள்ளும். இளங்கன்று அவ்வாறன்று, இலையெல்லாம் கொப்புளித்தால் அதன் வளர்ச்சி குன்றும். ஆகவே கன்றாயின், கொப்புளம் வெடிக்குமுன் அவ்விலைகளைக் கிள்ளி எரித்துவிடுக. பெரிய மரமாயின் கோடரியையும் தெளிப்பானையும் ஒதுக்கி வைத்துப் பொறுத்திருப்பதே நன்று. அடுத்த ஆண்டும் அது பூத்து மணக்கும்.