வாக்குமூலமும் மெய்ச்சான்றும்

கோவலன் கொலையுண்ட வரலாற்றைச் சிலப்பதிகாரத்தில் கற்கின்றோம். பொற்கொல்லன் ஒருவன் உரைத்த சொல்லே அங்குச் சான்றாயிற்று. சிலம்பினுள் இருப்பது முத்தா, மாணிக்கமா என்பது உயிர் போன பின்னரே ஆராயப்பட்டது. சொல்லை நம்பிப் பொருளை ஆராயாது விட்டால் நீதி பிறழும் என்னும் இவ்வுண்மை, காவல்துறையின் புலனாய்வு அதிகாரத்தைப் பற்றிச் சிந்திக்கும் நமக்கும் வழிகாட்டுகின்றது.

குற்றத்தைத் துப்பறிவதும், ஐயத்திற்குரியோரை வினவுவதும் காவல்துறையின் கடமைகள். அவ்வதிகாரம் இல்லையேல் எளியோர்க்குப் பாதுகாப்பு ஏது? எனினும், குற்றம் சாட்டப்பட்டவரைத் தமக்கெதிராகத் தாமே சாட்சியாகுமாறு வற்புறுத்தலாகாது என்று நம் அரசியலமைப்பின் 20(3)ஆம் பிரிவு விதிக்கின்றது. காவல் அதிகாரியிடம் அளித்த குற்ற ஒப்புதலை அளித்தவருக்கெதிரான சான்றாகக் கொள்ளலாகாது என 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் தன் 25ஆம் பிரிவில் கூறியது. 2024 ஜூலை 1 முதல் அதனிடத்தில் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதிநியமும் 23ஆம் பிரிவில் இவ்விதியைப் போற்றிக் காக்கின்றது.

இதனால் உண்மை மறைந்துவிடாதா எனச் சிலர் வினவலாம். ஒருவர் கூறிய செய்தியைக் கொண்டு களவுபோன பொருளோ கொலைக்கருவியோ கண்டெடுக்கப்படின், அக்கண்டெடுப்போடு நேரே தொடர்புடைய பகுதியை மட்டும் மெய்ப்பிக்கச் சட்டம் இடந்தருகின்றது. அச்சத்தால் பிறக்கும் சொல்லினும், ஆராய்ந்து பார்க்கத்தக்க பொருளே மேலான சான்று என்பது இதன் கருத்தாகும்.

நந்தினி சத்பதி வழக்கில் (1978), காவல்துறை விசாரிக்கும் நிலையிலேயே இவ்வுரிமை தொடங்குகின்றது என உச்சநீதிமன்றம் தெளிவுபடுத்தியது. செல்வி வழக்கில் (2010), இசைவின்றி ஒருவரை மயக்கமருந்துச் சோதனைக்கும் பொய்யறியும் சோதனைக்கும் உட்படுத்தலாகாது என்று தீர்ப்பளித்தது.

ஆயினும் நாட்டில் அச்சம் மிகுந்த காலங்களில் இவ்வரண் தளர்ந்ததும் உண்டு. 1987ஆம் ஆண்டின் தடாச் சட்டமும், 2002ஆம் ஆண்டின் பொடாச் சட்டமும் உயர்நிலைக் காவல் அதிகாரிகளிடம் அளித்த ஒப்புதலைச் சான்றாக ஏற்றன. முன்னது 1995இல் காலாவதியாயிற்று. பின்னது 2004இல் நீக்கப்பட்டது.

இவ்வுரிமையைக் குற்றவாளிக்குக் காட்டும் சலுகை என எண்ணுதல் பிழையாகும். வற்புறுத்திப் பெற்ற ஒப்புதலோடு வழக்கு முடியுமாயின், நிரபராதி சிறையில் வாடுவான். உண்மைக் குற்றவாளியோ வெளியே உலவுவான். ஆதலின் நிரபராதியைக் காக்கும் உரிமையே, மெய்ச்சான்றைத் தேடுமாறு புலனாய்வாளரையும் தூண்டுகின்றது. இவ்வுண்மையை மாணவச் செல்வங்கள் தாமும் உணர்ந்து, பிறர்க்கும் உணர்த்துதல் வேண்டும் என்பதே நம் விழைவு.