கருவிக் குறிப்பை வாசிப்பது இனி மனிதர் மட்டுமல்ல

வெள்ளவத்தையில் காலி வீதியோரமாகவும் கொட்டாஞ்சேனையின் குறுந்தெருக்களிலும் உள்ள தொடர்பாடல் நிலையங்களில், பிறருக்காக இணையத்தளப் படிவங்களை நிரப்பிக் கொடுப்பது அன்றாடத் தொழிலாகும். எதிரே அமர்ந்திருக்கும் முதியவரிடம் கேட்டுக் கேட்டு நிரப்பும் இளைஞர், சந்தேகம் எழுந்தால் கையை நிறுத்துவார். இப்பணியைச் செய்யக்கூடிய செயற்கை நுண்ணறிவு முகவர்கள் இப்போது வந்துள்ளன. (வெளிநாட்டு வேலைவாய்ப்பு முகவரை இங்கு நினைவுகூர வேண்டியதில்லை, பயனரின் சார்பில் அடுத்தடுத்த செயல்களைத் தானே தீர்மானித்துச் செய்யும் மென்பொருளையே இச்சொல் குறிக்கிறது.) அவை எங்கே கையை நிறுத்தும் என்பது, அவற்றிடம் ஒப்படைக்கப்படும் கருவிகளைப் பற்றி எழுதப்பட்ட குறிப்புகளிலேயே பெரிதும் தங்கியுள்ளது.

உலாவியைத் தானாக இயக்கும் கருவிகள் புதியவை அல்ல. 2004 இல் சிக்காகோவில் ஜேசன் ஹக்கின்ஸ் செலினியத்தை உருவாக்கினார். மைக்ரோசொப்டின் பிளேரைட் 2020 இல் வெளிவந்தது. இணையத்தளங்களைப் பரீட்சித்துப் பார்ப்பதே இவற்றின் முதன்மை நோக்கமாக இருந்தது. கையேட்டை வாசித்தவர் பொறியியலாளர். அது தெளிவற்றிருந்தால் முயன்று பார்ப்பார், தவறினால் திருத்துவார்.

2024 நவம்பரில் அந்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்ட 'மொடல் கொன்டெக்ஸ்ட் புரோட்டோகோல்' என்னும் நெறிமுறையில் நிலைமை வேறு. இங்கு ஒரு கருவி முகவருக்கு அறிமுகமாவது அதன் பெயர், விளக்கக் குறிப்பு, ஏற்கும் உள்ளீடுகளின் அமைப்பு ஆகியவற்றாலேயே ஆகும். கருவியின் உட்புறத்தை முகவர் காண்பதில்லை.

இதற்கு முன்னோடி ஒன்றுண்டு. அதில் இலங்கையர் ஒருவரின் பங்கும் உண்டு. கணினிகள் ஒன்றின் சேவையை மற்றொன்று அறிந்து பயன்படுத்துவதற்கென 2001 இல் முன்வைக்கப்பட்ட இணையச் சேவை விபரண மொழியின் ஆசிரியர் நால்வருள் ஒருவர், அப்போது ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய சஞ்சீவ வீரவரண. 2005 இல் டபிள்யு.எஸ்.ஓ.2 நிறுவனத்தை ஆரம்பித்தவர்களுள் அவரும் ஒருவர். அம்மொழியிலும் விளக்கக் குறிப்புக்கு ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. ஆனால் அது மனிதர் வாசிப்பதற்கானது. வெறுமையாக விட்டாலும் சேவை இயங்கும். அன்று விட்டுவிடக்கூடியதாயிருந்த அக்குறிப்பே இன்று முகவரின் முடிவைத் தீர்மானிக்கிறது.

ஓர் உதாரணம் கொள்வோம். 'அழுத்து' என்றொரு கருவி. 'பக்கத்திலுள்ள பொத்தானை அழுத்தும்' என்பது அதன் குறிப்பு. இதில் பிழையில்லை, பயனும் இல்லை. அழுத்திய பின் பக்கம் முழுமையாகத் தோன்றும்வரை கருவி காத்திருக்குமா? பொத்தான் கிடைக்காவிடில் எவ்வாறு அறிவிக்கும்? எல்லாவற்றிலும் முக்கியமாக, இறுதிச் சமர்ப்பிப்பு, பணம் செலுத்துதல் போன்ற மீளப்பெற முடியாத செயல்களுக்கு முன் பயனரின் ஒப்புதலைப் பெற வேண்டுமா? பதில் வரவில்லை என்று எண்ணி முகவர் மீண்டும் அழுத்தினால் ஒரே கட்டணம் இருமுறை அறவிடப்படலாம். தவிர்க்க முடியாத காவலைக் கருவிக்குள்ளேயே அமைப்பது சிறந்தது என்பது மெய்யே. ஆயினும் காவல் எதற்கென்று குறிப்புச் சொல்லாவிடில் முகவர் அதை வெறும் தடையாகக் கருதிச் சுற்றுவழி தேடக்கூடும்.

உள்ளூர் விடயங்களில் இக்குறை மேலும் பெரிதாகும். நமது தேசிய அடையாள அட்டை இலக்கம் இருவகைப்பட்டது. பழையது ஒன்பது இலக்கங்களும் ஓர் எழுத்தும் கொண்டது. 2016 முதல் வழங்கப்படுவது பன்னிரண்டு இலக்கங்கள் கொண்டது. இரண்டும் செல்லும் என உள்ளீட்டுக் குறிப்பில் எழுதாவிட்டால், வயது முதிர்ந்தவரின் சரியான இலக்கத்தைப் பிழையென எண்ணி முகவர் 'திருத்த' முற்படலாம். பெயரிலும் இதே சிக்கல்தான். தந்தையின் பெயரை முன்னே கொள்ளும் தமிழரிடம் குடும்பப் பெயரைக் கேட்கும் கட்டத்தில் எதை இடுவது? தொடர்பாடல் நிலைய இளைஞர் பிறப்புச் சான்றிதழை வாங்கிப் பார்ப்பார். ஊகிக்காமல் பயனரிடம் கேட்க வேண்டும் என்ற ஒரு வரியே முகவருக்குத் தேவையானது.

கருவியை எழுதுவோர் மட்டுமன்றித் தளங்களை அமைப்போரும் இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. பிளேரைட்டின் முகவர் இணைப்பு, பக்கத்தைப் படமாகவன்றி, பார்வையற்றோருக்கான திரைவாசிப்பு மென்பொருள்கள் பயன்படுத்தும் அதே எழுத்து வடிவ அமைப்பாகவே பெரும்பாலும் முகவருக்கு வழங்குகிறது. தமிழ்ச் சொல்லைப் படமாக ஒட்டி, மாற்று உரை தராமல் விடப்பட்ட பொத்தான் அதில் பெயரற்றதாகவே தோன்றும். அது 'இரத்துச் செய்' என்பதா, 'சமர்ப்பி' என்பதா என்று திரைவாசிப்பானை நம்பியிருக்கும் பார்வையற்றவருக்கும் தெரியாது, முகவருக்கும் தெரியாது.