உங்களுக்குத் தெரியுமா? ஆளுநருக்கு மனுப்போட்ட முன்னாள் மாணவி

சிட்னியை அடுத்த பிளாக்டவுனில் 1823 முதல் பழங்குடிப் பிள்ளைகளுக்கான அரசுப் பள்ளி ஒன்று இயங்கியது. பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துவைத்த கொடுமையான பள்ளி. அது முன்னர் பராமட்டாவில் இருந்தபோதே அங்கே படித்தவர், தாருக் பழங்குடித் தலைவர் யாரமுண்டியின் மகள் மரியா. 1819இல் ஏறக்குறைய நூறு ஐரோப்பியப் பிள்ளைகளும் எழுதிய தேர்வில் அப்பள்ளிச் சிறுமி ஒருத்தி முதல் பரிசு வென்றாள்; அவள் மரியாவே என்பது பலர் கருத்து.

1824இல் மரியா ராபர்ட் லாக் என்ற தச்சரை மணந்தார். 1831இல், மறைந்த சகோதரர் கோல்பியின் பிளாக்டவுன் நிலத்தைக் கேட்டு ஆளுநர் டார்லிங்குக்கே மனுப்போட்டார். எவ்வளவு துணிச்சல்! அந்த 30 ஏக்கர் 1843இல்தான் கைக்கு வந்தது. பிளாக்டவுன் பள்ளி இருந்த இடம் தாருக் மக்களிடம் திரும்பியதோ 2018இல்.